படாத அடி

நான் அடிபட்டதைவிட அடிபட்ட மாதிரி நடித்ததுதான் அதிகம். பதினாலு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. சினிமாவில் கதாநாயகிக்குப் பதிலாக விழுகிறவள் நான். மாடியிலிருந்து, படிக்கட்டிலிருந்து, ஓடுகிற ஜீப்பிலிருந்து, ஒருமுறை படகிலிருந்து காயலுக்குள். அந்தம்மா உடுத்தியிருக்கிற சேலையைப் போலவே இன்னொன்று எனக்கும் இருக்கும், அதே நீளத்தில் ஒரு விக்கும் இருக்கும். முகம் மட்டும் கேமராவுக்குத் தெரியக் கூடாது. எங்கள் பக்கத்தில் ‘டூப்பு’ என்பார்கள். டூப்பு என்றால் ஏதோ ஏமாற்று வேலை என்று நினைப்பு. யாராவது இரண்டாம் மாடியிலிருந்து ஒருதரம் ஏமாற்றிப் பார்க்கட்டுமே!

விழுவதைவிடக் கஷ்டம் கன்னத்தில் அறை வாங்குவது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் நிஜம். அடிக்கிறவரின் கை என் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் போகும். கேமரா என் பின்னால் இருப்பதால் அந்த இடைவெளி தெரியாது. சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். கை தாடைக்கு நேராக வருகிற கணத்தில் என் கழுத்து திரும்ப வேண்டும், கூடவே தோள், அதன் பிறகு இடுப்பு. கழுத்து முந்திவிட்டால் பொய் என்று தெரிந்துவிடும், பிந்திவிட்டால் தியேட்டரில் சிரிப்பார்கள். “அடிங்கிறது அடிக்கிறவன் கையில இல்லம்மா, வாங்குறவ கழுத்துல இருக்கு” என்பார் எங்கள் மாஸ்டர். சண்டைக் காட்சிகளை அமைக்கிறவர், சென்னைக்காரர். அவர் வாயிலிருந்து ‘கரெக்ட்’ என்று ஒரு வார்த்தை வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எனக்கு இது தொட்டிலில் வந்ததில்லை, இருபத்தேழு வயதில் வந்தது. அப்படியும் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் காலையில் என் வீட்டுக்காரர் என் காதுக்குப் பக்கத்தில் பறந்த கொசுவை அடிக்கக் கையை வீசினார். என் கழுத்து வெட்டித் திரும்பியது, கையிலிருந்த சாயா கிளாஸ் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். பாவம், மனுஷர் வெலவெலத்துப் போய்விட்டார். “ஏய், கொசுவத்தான்டி அடிச்சேன்!” என்று அக்கம்பக்கம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். அவர் கொச்சியில் மட்டாஞ்சேரி ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர். அன்றிலிருந்து தலை சீவுவதற்கு முன்னாலும் “கையத் தூக்கப் போறேன்” என்று அறிவித்துவிட்டுத்தான் சீவுகிறார். பஸ்ஸில் கண்டக்டர் மணிக்கயிற்றை இழுத்தாலும் எனக்குக் கழுத்து துடிக்கும். ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவேன்.

இந்தப் பழக்கம் ஒருநாள் என் அண்ணனை ஊரார் முன்னால் குற்றவாளியாக நிறுத்திவிட்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அண்ணன் என்னைவிட எட்டு வயது மூத்தவன். மட்டாஞ்சேரி பஜாரில் ஓர் அரிசிக் கிடங்கில் மேஸ்திரி. எங்கள் அப்பா தென்காசிப் பக்கமிருந்து வந்து மூட்டை சுமந்த அதே தெருதான். அண்ணனும் சுமந்தான், பிறகு சுமப்பவர்களுக்கு மேலே வந்தான். மூட்டையைத் தூக்காமலே எடை சொல்லுவான். கோபமும் அப்பாவுடையதுதான், அப்படியே அச்சு. எனக்கும் அதில் சரிபாதி வந்திருக்கிறது. மறைப்பானேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில் எவனோ அவனிடம் ஃபோனை நீட்டி ஒரு சண்டைக் காட்சியைக் காட்டியிருக்கிறான். நாலு பேர் சேர்ந்து ஒரு பெண்ணை அடித்துப் படிக்கட்டில் உருட்டிவிடுகிறார்கள். உருளும்போது ஒரு நொடி என் முகம் தெரிந்துவிட்டது. “இது உம்ம தங்கச்சிதான?” என்று கேட்டிருக்கிறான். அதற்கு முன் வரைக்கும் நான் ஷூட்டிங்கில் ‘துணி எடுத்துக் கொடுக்கிற வேலை’ என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தான். அப்படி நினைக்க விட்டவள் நான்தான், அது என் தப்பு. கை கழுவாமல் நேராக என் வாடகை வீட்டுக்கு வந்தான்.

“இந்த வேலைய விட்டுரு. இல்லன்னா என் வாசல மிதிக்காத.”

“சரி, மிதிக்கல.”

அவ்வளவுதான் பேச்சு. வாய் இருக்கிறதே எனக்கு! மறுநாளே போய் நயமாகச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. அவனும் வரவில்லை. ஒரே பஜார், ஒரே படகு ஜெட்டி, எதிரெதிரே வராமல் முடியாது. என்னைக் கண்டால் குடையை விரித்துச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போய்விடுவான். மழைக்கும் வெயிலுக்கும் குடை பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தங்கச்சிக்குக் குடை பிடித்தவன் என் அண்ணன் ஒருவன்தான்.

இதற்கிடையில் நானும் என் வீட்டுக்காரரும் இடக்கொச்சியில் ஒரு சின்ன வீடு கட்டினோம். இரண்டு அறை, ஒரு அடுக்களை, பின்னால் தகர ஷீட் போட்ட ஒரு சாய்ப்பு. நாலு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பிய வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சலாம் என்று நாள் குறித்தோம். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுடைய பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ ஏதாவது ஒரு சாமான் கொண்டுவந்து வாசலில் வைத்து அவள் கையில் கொடுக்க வேண்டும். குத்துவிளக்கோ, குடமோ, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கரண்டியாவது. அதை வாங்கிக்கொண்டுதான் அவள் அடுப்பு மூட்டுவாள். அப்பா அம்மா இல்லை. எனக்குப் பிறந்த வீடு என்றால் அந்தக் குடைக்காரன் ஒருவன்தான்.

“நானே ஒரு வெளக்கு வாங்கித் தாரேன். ஒங்கண்ணன் குடுத்ததுன்னு நெனச்சுக்கயேன்” என்றார் என் வீட்டுக்காரர்.

“நீங்க எனக்கு அண்ணனா?” என்று கேட்டேன்.

பத்திரிகையை நானே கொண்டு போனேன். ஒரு பக்கம் மலையாளம், ஒரு பக்கம் தமிழ், தமிழ்ப் பக்கத்தில் இரண்டு எழுத்துப் பிழை. மதினி வாசலுக்கு வந்து வாங்கிக்கொண்டாள். உள்ளே டிவி சத்தம் சட்டென்று கூடியது. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “தானாடலன்னாலும் தன் சதை ஆடும்பாங்க. இவருக்குச் சதையும்லா மொரண்டு புடிக்கி.” சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். தெரு முக்கு திரும்பியதும் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பால் காய்ச்சுக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு புதன்கிழமை ஷூட்டிங். போய் இறங்கினால், அண்ணனுடைய கிடங்கு! கொச்சியில் இவர்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்று நினைத்தேன். முதலாளி பாதிக் கிடங்கை ஷூட்டிங்குக்கு விட்டிருந்தார். மீதிப் பாதியில் அரிசி மூட்டை கூரை வரை அடுக்கிக் கிடந்தது. அதில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள, சாவியோடு ஒருவர் நாள் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

என்னைப் பார்த்தான். உள்ளே குடை விரிக்க முடியாதே. பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்குக் காட்சி இதுதான்: வில்லனுடைய ஆள் கதாநாயகியைக் கன்னத்தில் அறைகிறான், அவள் சுழன்று போய் மூட்டைகள் மேல் விழுகிறாள். நான் விழுவதற்காக, செட் போடுகிற ஆர்ட் ஆட்கள் உமி நிரப்பிய சாக்குகள் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு ஆள் ஒரு தோளுக்கு ஒன்றாக இரண்டு சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதைப் பார்த்து, “சினிமாக்காரன் அரிசி” என்று அண்ணன் சுவரிடம் சொன்னான். எனக்கும் சிரிப்பு வந்தது.

என்னை அறைகிறவர் களமசேரிக்காரர், முப்பது வயது ஃபைட்டர், மலையாளி. தங்கமான மனுஷன். எங்கள் தொழிலில் ஒரு மரியாதை இருக்கிறது. ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் அடித்தவர் வந்து, பட்டதா என்று அடி வாங்கியவரிடம் கேட்க வேண்டும். படவில்லை என்று தெரிந்தாலும் கேட்க வேண்டும். அவரும் ஒவ்வொரு தடவையும் வந்து, “சேச்சி, கொண்டோ?” என்பார். “இல்லப்பா” என்பேன். ஏழு டேக் போனது. ஏழு தடவை அறை, ஏழு தடவை உமி மூட்டை. மூன்றாவது டேக்குக்குப் பிறகு, சுழலும்போது தாடை தெரிகிறது என்று, உதட்டோரத்தில் சிவப்புச் சாயம் வைத்து இரத்தம் ஆக்கினார்கள்.

ஏழாவது டேக் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: “சேச்சி, ஆ மூலையில் இரிக்குன்ன சேட்டனைக் கண்டோ? நீங்க விழும்போதெல்லாம் அவரு தோள் தூக்கித் தூக்கிப் போடுது. திரும்பிப் பாக்கவேயில்ல, ஆனா தூக்கிப் போடுது.”

“அது எங்கண்ணன்.”

அவர் கையிலிருந்த பாட்டில் கீழே விழுந்தது.

சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள். எல்லாரும் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இனிமேல் தள்ளிப்போட்டால் ஞாயிறு வந்துவிடும். அப்படியே, விக்கும் சேலையும் உதட்டில் சாயமுமாக, அண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

“அண்ணே.”

நாற்காலியை இன்னும் கொஞ்சம் சுவரை ஒட்டி நகர்த்திக்கொண்டான்.

“ஞாயித்துக்கெழம நீ வரணும்ணே.”

“வேல நேரத்துல பேச்சில்ல” என்றான் சுவரிடம்.

“சாப்பாட்டு நேரம்தான இது?”

திரும்பினான். ஆறு வருஷத்தில் முதல்முறை நேருக்கு நேர் பார்க்கிறான். என் உதட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. “மொதல்ல அதத் தொடச்சிட்டு வா” என்றான்.

“தொடைக்கக் கூடாதுண்ணே. மத்தியானம் இதே ஷாட்டுத்தான். தொடச்சா மாறிரும்.”

அது போதும் அவனுக்கு. எழுந்துவிட்டான். “ஊரு பாக்க எவன்கிட்டயோ அடி வாங்கிட்டு வந்து நிக்க. அதத் தொடைக்கக்கூட விடமாட்டான். அடி வாங்கிக் கட்டுன வீட்டுல எனக்கென்னட்டி பாலு?”

எனக்கு சுரீர் என்றது. பணிந்து பேச வேண்டும் என்று நினைத்து வந்ததெல்லாம் காற்றில் போனது. “ஆமா, அடி வாங்கித்தான் கட்டுனேன். ஒன்கிட்ட கேட்டா கட்டுனேன்? கொடைக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டுத் திரியிற ஆளுக்கு எம்புட்டு ரோசம்!”

“ஏட்டி, போ அங்கிட்டு!” என்றான். கோழியை விரட்டுகிற மாதிரி கையை ஒரு வீசு வீசினான்.

அவ்வளவுதான் அவன் செய்தது. கை என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, தாடை உயரத்தில், வலமிருந்து இடமாகப் போனது. காலையிலிருந்து ஏழு தடவை பார்த்த அதே வீச்சு. என் கழுத்து என்னைக் கேட்கவில்லை. தலை வெட்டித் திரும்பியது, விக் பறந்து முகத்தில் அடித்தது, ஒரு சுற்றுச் சுற்றி நான் போய்விட்டேன். இடது பக்கம் உமி இல்லை. அசல் அரிசி மூட்டை, கல் மாதிரி. முழங்கை அதில் இடித்து, அங்கிருந்து சிமெண்டுத் தரையில் ‘தொம்’ என்று விழுந்தேன்.

சாப்பாட்டு வரிசை அப்படியே உறைந்து நின்றது. ஷூட்டிங் பார்க்கப் பக்கத்துக் கிடங்குகளிலிருந்து அப்போதுதான் வந்து வாசலில் நின்ற சுமைக்காரர்கள் பத்துப் பேர் உள்ளே பாய்ந்தார்கள். அவர்கள் கண்ணால் கண்டது என்ன? ஒரு ஆம்பளை ஒரு பொம்பளையை அறைந்தான், அவள் சுருண்டு விழுந்தாள், வாயில் இரத்தம். இருபது வருஷமாக அண்ணனைத் தெரிந்தவர்கள் அவர்கள். ஒருவன் அண்ணனின் சட்டையைப் பிடித்தான். இன்னொருவன், “மேஸ்திரி, சொந்தம் பெங்ஙளெயோ?” என்றான். கூடப் பிறந்தவளையா என்று. அவன் அதைக் கத்தக்கூட இல்லை, வெறுத்துப்போய்க் கேட்டான்.

அண்ணன் சட்டையை விடுவிக்க முயலவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். “பட்டுருச்சா? ஏட்டி, பட்டுருச்சா?” என்றான். தான் அடித்துவிட்டதாக அவனே நம்பிவிட்டான்.

விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்க எனக்கு இரண்டு நொடி போதும். அன்றைக்கு நான் அதைவிட அதிகமாக எடுத்துக்கொண்டேன். ஒரு நினைப்பு ஓடியது. சும்மா கிட, வாயைத் திறக்காதே. சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்கத் தெரிந்துவிடும். நாலு பெரிய மனுஷர்கள் கூடி, ‘போய்த் தங்கச்சிகிட்ட மன்னிப்புக் கேளு’ என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விளக்கும் கையுமாக வந்து நிற்பான். ஆறு வருஷக் குடைக்கு நல்லா வேணும்!

அப்போது அவன் அந்தக் கையை வேட்டியில் துடைத்தான். ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி மறுபடி மறுபடி துடைத்தான். சின்ன வயசில் நான் அவனுடைய சைக்கிளைக் காயலில் கொண்டு தள்ளியபோதுகூட இந்தக் கை என்மேல் ஓங்கியதில்லை. சீ, என்ன பிறவி நான் என்று எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது. துள்ளி எழுந்தேன்.

“விடுங்க அவன! கை படவே இல்ல!”

ஒருவரும் நம்பவில்லை. பாத்திரம் கழுவுகிற அம்மா ஒருத்தி என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “எல்லாப் பெண்ணுங்ஙளும் இங்ஙனயா பறயா” என்றாள். அடி வாங்கிய பெண்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். நான் படவில்லை படவில்லை என்று கத்தக் கத்த, அண்ணன்மேல் இருந்த பிடி இறுகிக்கொண்டே போனது.

கடைசியில் மாஸ்டர் வந்தார், கையில் மோர்ச்சோறுத் தட்டோடு. கிடங்கின் அந்தக் கோடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். பிடித்துக்கொண்டிருந்தவர்களைக் கண்டுகொள்ளாமல் என்னிடம், “ரியாக்‌ஷன் கரெக்ட். லேண்டிங்தான் மோசம். ஏம்மா, உமி மூட்ட அங்க கெடக்கு, அரிசி மூட்டைல போயி விழுவியா?” என்றார்.

சுமைக்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாஸ்டர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, களமசேரிக்காரரைக் கூப்பிட்டு, “பக்கவாட்டுல நின்னு பண்ணிக் காட்டுங்க. எல்லாரும் பாக்கட்டும்” என்றார். பண்ணினோம். அவர் கை ஒரு சாண் தள்ளிப் போனது, நான் சுழன்று விழுந்தேன், இந்தத் தடவை உமியில். பிறகு ஒரே சிரிப்பு, கைத்தட்டல். “ஒன்னுகூடி, ஒன்னுகூடி” என்று இன்னொரு தடவை கேட்டார்கள். சட்டையைப் பிடித்திருந்தவனே அண்ணனின் சட்டைக் கசங்கலை நீவிவிட்டான். இரண்டு பேர் தங்களுக்குள் அறைந்து பழக ஆரம்பித்து, அதில் ஒருவனுக்கு நிஜமாகவே பட்டுவிட்டது.

அண்ணன் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, “மெதுவா ஒருக்கப் பண்ணு” என்றான். பண்ணினோம். தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரி குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தான்.

“இம்புட்டுத் தூரமா?”

“ஆமாண்ணே.”

“எப்பவுமா?”

“எப்பவாச்சும் தப்பிப் படும். பட்டா அவங்க நாள் பூரா மன்னிப்புக் கேட்டுக்கிட்டே பின்னால வருவாங்க.”

“அன்னைக்கு அந்தப் படிக்கட்டுல, நாலு பேரு...”

“அதுவும் இப்படித்தாண்ணே.”

அவன் அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆறு வருஷமாக அவன் என்னால் தலைகுனிவு என்று ஒதுங்கியிருக்கிறான் என்று நான் நினைத்திருந்தேன். அவனோ, நான் வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் யாரோ நாலு பேர் என்னை நிஜமாக அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். தெருவில் என் முகத்தைப் பார்த்தால் காயத்தைத் தேடத் தோன்றுமாம், அதற்குத்தான் குடை. மதினி பிறகு சொன்னாள். அவன் கேட்டிருக்கலாம், நான் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் செய்யவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அண்ணன் என் உதட்டைக் காட்டி, “இது?” என்றான்.

“சாயம்.”

என் முழங்கையைப் பிடித்துத் திருப்பினான். அரிசி மூட்டையில் இடித்ததில் தோல் உரிந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. “இது?”

சாயம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஞாயிற்றுக்கிழமை என் கையில். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பதினாலு வருஷம் விழுந்து பெயர் வாங்கியவள் நான். என் வேலையைப் பொய் என்று சொல்லி ஒருவரை என் வீட்டுக்கு அழைக்க என்னால் முடியவில்லை.

“இது நெசம்ணே.”

“அப்ப விழுறது?”

“விழுறது நெசந்தான். அதப் பொய்யா விழ முடியாது.” சொல்ல ஆரம்பித்தபின் எதற்கு மறைக்க என்று, தோள்பட்டை எலும்பில் பிளேட் வைத்திருப்பதையும் சொன்னேன்.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். போய் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். மத்தியானம் இன்னும் நாலு ஷாட் எடுத்தோம். அவன் திரும்பவே இல்லை. சாயங்காலம் கிடங்கைப் பூட்டிவிட்டுப் போய்விட்டான்.

“சாயம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாயா வெந்து போயிரும்?” என்றார் என் வீட்டுக்காரர். அந்த மூன்று நாளும் அவரோடு நான் சண்டை போட்டதற்குக் கணக்கே இல்லை. அடுப்புக் கல்லைக் கழுவும்போதும், மாவிலை கட்டும்போதும், எனக்கு அந்த நாற்காலியின் முதுகுதான் கண்ணில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குள் பால் பொங்க வேண்டும். ஃபைட்டர்கள் பதினைந்து பேரும் வெள்ளைச் சட்டையில் வந்துவிட்டார்கள், மாஸ்டரும்கூட. தண்ணீர் ட்ரம்மை இரண்டு பேர் விளையாட்டாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லாம் தயார். நான் வாசற்படியை விட்டு நகரவில்லை. ஏழேகால் ஆனது. என் வீட்டுக்காரர் அலமாரிக்குப் பின்னாலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார். விளக்கு வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார்! திட்ட வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

அப்போது சரக்கு ஆட்டோ ஒன்று முடுக்குக்குள் திரும்பியது. முன்னால் டிரைவரோடு மதினி, மடியில் குத்துவிளக்கு. பின்னால் எதையோ விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி அண்ணன்.

இறங்கினான். மதினியிடமிருந்து விளக்கை வாங்கி என் கையில் கொடுத்தான். “இந்தா” என்றான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த பேச்சு. எனக்குக் கண் மறைத்தது. அடுப்பு மூட்ட உள்ளே திரும்பினேன். “நில்லு” என்று சொல்லிவிட்டு மறுபடி வண்டிக்குப் போய் அந்தப் பெரிய சுருளை இழுத்து இறக்கினான். இலவம்பஞ்சு மெத்தை. இரண்டு மெத்தை கனம் இருக்கும். மேலே சாக்குத் துணி உறை, அரிசி மூட்டை தைக்கிற கோணி ஊசியால் நெருக்கி நெருக்கித் தைத்தது. அந்தத் தையல் யாருடையது என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்தது.

மூன்று ஃபைட்டர்கள் உள்ளே தூக்கிப் போக ஓடி வந்தார்கள். அண்ணன் குறுக்கே கை நீட்டினான்.

“உள்ள கொண்டு போகாதீக. இது வீட்டுக்கில்ல. அவ வேலைக்கு.”

இலவம்பஞ்சு எங்கள் வேலைக்கு ஆகாது. விழுந்த வேகத்தில் அமுங்கித் தரை முட்டிவிடும். காலி அட்டைப் பெட்டி அடுக்கி அதற்கு மேல் கனமான ஃபோம் போட்டுத்தான் நாங்கள் விழுவோம். அங்கே நின்ற பதினைந்து பேருக்கும் இது தெரியும். மாஸ்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அண்ணன் மெத்தையை முற்றத்தில் விரித்து, மண்டியிட்டு, இரண்டு கையாலும் அழுத்தி அழுத்திப் பார்த்தான். “மூணு நாளாத் திணிச்சேன். எனக்கு இந்த வேல தெரியாது. நீ சொல்லு, இது தாங்குமாட்டி?”

விளக்கை மதினி கையில் கொடுத்தேன். பட்டுச்சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு வராந்தாச் சுவர்மேல் ஏறினேன். “நல்ல நாளும் அதுவுமா விழுவாளா ஒருத்தி!” என்று மதினி அலறினாள். மல்லாந்து விழுந்தேன். எதிர்பார்த்த மாதிரியே பஞ்சு விலகி, முற்றத்துச் சிமெண்டு முதுகெலும்பில் பளீரென்று இறங்கியது.

அண்ணனின் முகம் என் முகத்துக்கு மேலே குனிந்தது. “எப்படி இருக்கு?” என்றான்.

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் நேரம் போகிறது, நேரம் போகிறது என்று கத்தினார்.

“எந்திரிக்கவே மனசு வரலண்ணே” என்றேன்.